மூச்சு விடும் கதிரை

கதிரை என்பது மனிதர் அமர்வதற்கென ஆக்கப்பட்ட பொருளாகும். எனினும், எல்லாக் கதிரைகளும் அமர்வதற்கென்றே ஆக்கப்பட்டவை அல்ல என்பதை நான் என் சொந்த வீட்டிலேயே அறிந்துகொண்டேன்.

ஆலங்குடாவில், கடற்கரைக்குச் செல்லும் மணல் ஒழுங்கையின் முடிவில் அமைந்துள்ள எங்கள் வீட்டின் முன்மண்டபத்தில் அத்தகைய கதிரை ஒன்று உள்ளது. மெல்லிய பலகைத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வளைத்து, ஓடு போன்று ஆக்கி, அந்த ஓடுகளுக்குள் கறுப்புத் தோல் மெத்தைகளைப் பொருத்தியிருக்கின்றனர். தலைக்கு ஓர் ஓடு, முதுகுக்கு ஓர் ஓடு, இருக்கைக்கு ஓர் ஓடு. கால்களை நீட்டி வைப்பதற்கு அதே தோலாலான சிறிய இருக்கையொன்று அதன் முன்னால் தனியே நிற்கும். அமெரிக்கத் தம்பதியர் இருவர் ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் இதனை வடிவமைத்தனர் என்றும், உலகின் பெரிய நூதனசாலைகளில் இது காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது என்றும் என் மருமகன் ரிஃபாஸ் கூறுவார். எங்கள் வீட்டில் உள்ளது அசலா, நகலா என்பதை நான் அறியேன். அவர் அசல் என்றார், நாங்கள் நம்பினோம். நம்பாதிருந்தாலும் அது அங்கேயேதான் இருந்திருக்கும்.

அவ்வீட்டை என் கணவர் ஹாசிமும் நானும் கட்டினோம். அவர் கருவாட்டு வியாபாரி. குறிஞ்சிப்பிட்டியிலும் கற்பிட்டியிலும் காய்ந்த மீனை வாங்கி, வீட்டின் பின்புறத்திலிருந்த களஞ்சியத்தில் அடுக்கி, கொழும்புக்கு அனுப்புவார். எங்கள் ஒரே மகள் ஷஃபீனாவுக்குத் திருமணம் நிகழ்ந்தபோது, எங்கள் சமூகத்தின் வழக்கப்படி வீட்டை அவளுடைய பெயருக்கு எழுதிக் கொடுத்தோம். எழுதிக் கொடுத்த பின்னரும் பெற்றோர் அதே வீட்டில் முன்போலவே வாழ்வர். உறுதியில் பெயர் மாறுமேயன்றி, எவர் எங்கே இருப்பது என்பது மாறாது. உடன்பாட்டின் இந்தப் பாகம் எங்கும் எழுதப்படுவதில்லை. எழுதப்படாதபடியால் அதனை எவரிடமும் எடுத்துக் காட்டவும் இயலாது.

என் கணவர் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குச் சென்று திரும்பும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து மௌத்தானார். ரிஃபாஸ் டோஹாவிலிருந்து வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அவர் அந்நகரத்தில், ஹோட்டல்களின் உட்புறங்களை அலங்கரிக்கும் நிறுவனமொன்றில் பல்லாண்டு பணிபுரிந்தவர். இனித் திரும்பிப் போவதில்லை என்று அவர் அறிவித்தார். ஆலங்குடாவுக்குப் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகின்ற வெளிநாட்டவர் தங்குவதற்கேற்ப வீட்டை வில்லாவாக மாற்றப் போவதாகவும் கூறினார். தகப்பனைத் தொலைபேசியின் கண்ணாடியில் மட்டுமே கண்டு வளர்ந்த என் பேத்தி அன்று முழுவதும் அவருடைய தோளைவிட்டு இறங்கவில்லை. நானும் மகிழ்ந்தேன் என்பதை இங்கு குறிப்பிடல் வேண்டும்.

நான் அப்போது இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்த பெண் குறித்த காலம் முடியும்வரை வெள்ளை உடுத்து, அந்நிய ஆடவரின் பார்வையில் படாமல் வீட்டினுள் இருத்தல் இத்தா எனப்படும். உள்ளறையொன்றில் என்னை இருத்தி, வாசலில் தடித்த சீலையைத் தொங்கவிட்டனர். என் கணவரின் மூத்த சகோதரி முஃப்லிஹா குறிஞ்சிப்பிட்டியிலிருந்து வந்து, அறையின் வாசலுக்கு உட்புறமாகப் பாயை விரித்துக் காவலுக்கு அமர்ந்தார்.

வேலை தொடங்கிற்று. சிலாபத்திலிருந்து பாஸ்மார் எனப்படும் மேசன்மாரும், தச்சுவேலைக்கு அருளப்பு என்பவரின் ஆட்களும் வந்தனர். அவர்கள் அனைவரும் முன்மண்டபத்திலேயே உண்டு, அங்கேயே உறங்கினர். ஆதலால் அந்நியர் இல்லாத வேளை என ஒன்று அம்மண்டபத்துக்கு இருக்கவில்லை. நான் ஓசைகளை மட்டுமே கேட்டேன். சிங்களத்திலும் தமிழிலும் கலந்து ஒலித்த அதட்டல்கள், பலகை அறுபடும் சத்தம், சம்மட்டி அடி, எதுவோ பெரியதொன்று இடிந்து விழும் ஒலி.

“அது என்ன விழுந்த?” என்று எழுந்தேன். “ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வாறன் மதினி.”

“புத்தி கெட்டுப் போச்சா புள்ள உனக்கு?” முஃப்லிஹா காலை நீட்டி வழியை மறித்தார். “அங்க பாஸ்மார் சாரத்த மடிச்சிக் கட்டிக்கிட்டு நிக்கிறானுகள். அவனுகள்ற கண்ணு உன்னில பட்டா, கபுறில இருக்கிற என்ட தம்பிக்கு நிம்மதி இருக்குமா? இரி சும்மா.”

“வீட்ட இடிக்கிறாங்க போல கேக்குது.”

“இடிச்சா கட்டுவாங்க. இத்தா பாழாப் போனா ஆரு கட்டுற?”

நான் அமர்ந்தேன்.

மருமகன் எனக்கு அந்நியர் அல்லர். மார்க்கப்படி அவர் என்னைக் காணத் தடையில்லை. எனினும் மரியாதையின் பொருட்டு அவர் சீலைக்கு அப்பால் நின்றே கதைப்பார். அதில் நான் பெருமை கொண்டிருந்தேன். கேட்காமல் எதையும் செய்யாத மருமகன் என்று முஃப்லிஹாவிடம் கூறியுமிருந்தேன்.

“மாமி, ஹோல்ல இருக்கிற கண்ணாடி அலுமாரிய கொஞ்சம் அங்கால எடுக்கவா? சுவருக்குப் பூச்சு அடிக்கணும்.”

“எடுங்க மவன். உள்ளுக்குப் பீங்கான் இருக்கு, கவனம்.”

“மாமி, அந்தப் பிரம்புக் கதிரையள் நல்லா உளுத்துப் போய் இருக்கு.”

“ஓம், எடுங்க.”

“மாமி, வாசல்ல ஆக்கள் இருக்கிற மர வாங்கு வேணுமா?”

“மழைக்கு நனைஞ்சது. அது என்னத்துக்கு?”

இவ்வாறு அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றேன். தனித்தனியே நோக்கின் அவை யாவும் சிறியவை. அவற்றையெல்லாம் ஒருசேரக் காணக்கூடிய இடத்தில் நான் இருக்கவில்லை.

ஷஃபீனா சோற்றுத் தட்டுடன் வரும்போதெல்லாம் அவளிடம் வினவுவேன். அவளுடைய தலைமுடியில் சுண்ணாம்புத் தூள் படிந்திருக்கும். ஆனால் முகம் ஒளிர்ந்தது. திருமணத்தின் பின் அவளை அவ்வாறு நான் கண்டதில்லை.

“உம்மா, பயப்பிடாதீங்க. பெரிசா ஒண்டும் இல்ல. ஒரு கதிரை வருது. டோஹாவுல ஒரு ஹோட்டல் உடைக்கக்குள்ள இவர் எடுத்து வெச்சது. அதுக்குத்தான் இவ்வளவு பாடு.”

“ஒரு கதிரைக்கு வீட்டையே உடைக்கிறதா?”

“உடைக்கல்ல உம்மா. இடம் எடுக்கிறார்.”

இத்தா முடியும் நாளுக்கென எங்கள் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. உறவுப் பெண்கள் அனைவரும் வருவர். கைம்பெண் குளித்து, நிறமுள்ள புத்தாடை அணிந்து, தொழுது முடித்ததும் அவளைக் கைப்பிடித்து முன்மண்டபத்துக்கு அழைத்து வருவர். அங்கே பாய் விரித்து அவளை நடுவே இருத்தி, அவளுடன் சஹன் எனும் ஒரே பெரிய தட்டில் கையிட்டுச் சோறு உண்பர். நீ இன்னும் இவ்வீட்டின் மனிதிதான், உனக்குரிய இடம் இதுதான் என்பதை வாயால் உரைக்காமல் உணர்த்தும் முறை அதுவாகும். நான் அந்நாளுக்காகவே அறையினுள் காத்திருந்தேன். என் உம்மாவையும் அவ்வாறே அழைத்து வந்திருந்தோம். அன்று முதற்கவளத்தை அவருடைய வாயில் இட்டவள் நான்.

குறித்த நாளும் வந்தது. முஃப்லிஹா என் கையைப் பற்றி நடத்திச் சென்றார். பின்னால் பெண்கள் நபியவர்கள்மீது சலவாத்துச் சொல்லியவாறு வந்தனர். மண்டபத்தின் வாயிலில் அவர் திடீரென நின்றார். நான் அவருடைய முதுகில் மோதினேன்.

“யா அல்லாஹ்! வீட்டுக்குள்ள கள்ளன் வந்திட்டானா?”

மண்டபம் இருந்த இடத்தில் வெறும் வெளி இருந்தது. வாசற்பக்கச் சுவர் இல்லை. அதற்குப் பதிலாகத் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி நின்றது. அதனூடே கடல் தெரிந்தது. கடலுக்கு முன்னால், காட்டுத் தாழைக்கருகில் கழுதையொன்று நின்று எங்களை உள்நோக்கிப் பார்த்தது. தரை சாம்பல் நிறச் சீமெந்தாக மினுக்கப்பட்டிருந்தது. அலுமாரி இல்லை, பிரம்புக் கதிரைகள் இல்லை, வாங்கு இல்லை, ஆயத்துக் குர்ஸி என்ற குர்ஆன் வசனம் எழுதிய சட்டகம் இல்லை. கண்ணாடியின் ஓரத்தில், சற்றே சரிவாக, அக்கதிரை மட்டும் இருந்தது. அதன்மேல் கொக்கைப்போல் கழுத்தை வளைத்து ஒரு விளக்கு நின்றது.

ரிஃபாஸ் ஒரு மூலையில் நின்று, நாங்கள் என்ன கூறுவோம் என்று எதிர்பார்த்துப் புன்னகைத்தார்.

“சாமான் எல்லாம் எங்க தம்பி?” என முஃப்லிஹா வினவினார்.

“இப்ப இதுதான் சாமான்.”

“மத்தது?”

“மத்தது ஒண்டும் வேணாம் மாமி. இப்பிடி ஒரு கதிரைய வெச்சா, பக்கத்தில வேற ஒண்டும் இருக்கக் கூடாது. சுத்திவர இடம் விடணும். அது மூச்சு விடணும்.”

“கதிரை மூச்சு விடுமாமே!” முஃப்லிஹா திரும்பிப் பெண்களைப் பார்த்தார். பின்னர் என் கையை உயர்த்திக் காட்டினார். “இந்தா, மூச்சு விடுற மனிசி ஒருத்தி இங்க நிக்கிறா. இவள எங்க வைக்கப் போறீங்க?”

பெண்கள் சிரித்தனர். ரிஃபாஸும் சிரித்தார். நான் மட்டும் விடையை எதிர்பார்த்து நின்றேன்.

“சரி, பாய விரிங்க புள்ளையள்” என்றார் முஃப்லிஹா.

“மாமி, சஹன் இங்க வேணாம்” என்று ரிஃபாஸ் விரைந்து முன்வந்தார். “இந்தச் சீமெந்து எண்ணெய குடிச்சிரும். ஒரு துளி பட்டாலும் கறை போகாது. பின்னால நல்ல காத்தோட்டமா தறப்பாள் கட்டி வெச்சிருக்கன். ஃபேனும் போட்டிருக்கு.”

வீடு ஷஃபீனாவுடையது, ஷஃபீனாவின் கணவர் கூறுகின்றார். பெண்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு பின்புறம் சென்றனர். போகுமுன் முஃப்லிஹா, “அப்பிடி என்னதான் சொகம் இதுல, பாப்பம்” என்று அக்கதிரையில் பொத்தென அமர்ந்தார். கதிரை அவரைப் பின்னோக்கி விழுங்கிற்று. கால்கள் இரண்டும் தரையைவிட்டு எழுந்தன. அபாயாவை இழுத்து மூடுவதா, கைப்பிடியைப் பற்றுவதா என்றறியாமல் அவர் தவித்தார்.

“எழுப்புங்கடி! என்னத்தப் புடிச்சி எழும்புற இதுல?”

மூவர் சேர்ந்து அவரைத் தூக்கி நிறுத்தினர். சிரித்து முடிக்க நெடுநேரமாயிற்று.

“இது கதிரை இல்ல, எலிப்பொறி” என்றார் அவர் மூச்சிரைக்க. “பொம்புளைக்குச் செஞ்சதே இல்ல. வவுறு முட்டத் திண்டுட்டு ஆம்புள சாஞ்சி கிடக்கச் செஞ்சது.”

அன்று நான் தறப்பாளின் கீழ், கோழிக்கூட்டுக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் இடையில் இருத்தப்பட்டேன். சஹனில் கோழி ஆணமும் கத்தரிக்காய்ப் பாலாணமும் இருந்தன. முஃப்லிஹா முதற்கவளத்தை என் வாயில் இட்டார். அது எந்த இடத்துக்குரிய கவளமோ அந்த இடத்தில் இடப்படவில்லை என்பதை அங்கிருந்த பெண்கள் யாவரும் அறிவர். அறிந்தபடியால் அவர்கள் வழமையைவிட உரத்த குரலில் கதைத்தனர்.

உணவின் பின்னர்தான் எனக்கென ஒதுக்கப்பட்ட அறையைக் கண்டேன். அது பழைய கருவாட்டுக் களஞ்சியம். வெள்ளை பூசி, ஓடுகள் பதித்து, குளியலறையும் இணைத்திருந்தனர். கட்டில் புதியது. ஆனால் ஒரு தலைமுறைக் காலம் சுவருக்குள் புகுந்த வாடையைப் பூச்சினால் அகற்ற இயலாது. வெயில் ஏறியதும் சுவர்கள் வியர்த்தன. சாளையும் சூடையும் கட்டாவும் அவற்றிலிருந்து மணத்தன. சாளரம் மதிலை நோக்கியிருந்தது.

மறுநாட் காலை ஷஃபீனா துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அவளருகிற் சென்றேன்.

“மவள், நான் எங்க இருக்கிற?”

“ரூம் பிடிக்கல்லயா உம்மா? ஏசி வேணுமெண்டா பூட்டலாம்.”

“படுக்கிறதுக்குக் கேக்கல்ல. படுக்க இடம் கபுறில மய்யித்துக்கும் இருக்கு. பகலையில இருக்கிறதுக்குக் கேக்கிறன். வாறவங்க போறவங்களோட, நாலு பேரோட, எங்க இருக்கிற?”

அவள் வாயிற் கவ்வியிருந்த துணிக்கவ்வியை எடுத்துக் கொடியில் மாட்டினாள்.

“சீசன் முடியட்டும் உம்மா.”

“சீசன் முடிஞ்சா?”

“அந்த நேரம் உள்ளூர் ஆக்கள் வருவாங்க.”

“அப்ப எப்பயுமே இல்ல.”

“உம்மா!” அவள் கையிலிருந்த துணியைக் கூடைக்குள் போட்டாள். “நீங்க வாப்பாவோட ஒரே வீட்டில, ஒரே பாயில வாழ்ந்தீங்க. நான் கல்யாணம் முடிச்சி இவரோட ஒண்டா இருந்த காலத்த விரல் மடிச்சிச் சொல்லலாம். இது ஓடாட்டி இவர் திரும்பவும் ஏறிப் போயிருவார். புள்ள ராவைக்கு ஃபோனுக்கு முத்தம் குடுக்கும். ஒரு கதிரையோட போறதெண்டா போகட்டும். ஒரு ஹோலோட போறதெண்டாலும் போகட்டும்.”

அவள் கூறியது உண்மை. உண்மையாக இருந்தமையே அதன் கொடுமையும் ஆகும்.

எனினும் என் மனம் அடங்கவில்லை. முதலாவது விருந்தினர் வரும் நாளில், வேன் ஒழுங்கைக்குள் திரும்பும் ஓசையைக் கேட்டதும் நான் களஞ்சியத்திலிருந்து வெளியேறி, அடுக்களையைக் கடந்து, முன்மண்டபத்துக்குச் சென்று அக்கதிரையில் அமர்ந்தேன். முஃப்லிஹாவைப்போல் தவிக்காதவாறு மெல்ல, ஓரமாக, கைப்பிடிகளை இறுகப் பற்றி அமர்ந்தேன். சிறிய இருக்கையின்மேல் கால்களை வைக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்து நேரே பார்த்தேன். என்னை எழுப்ப வேண்டுமாயின் அந்நியர் முன்னிலையில் எழுப்பட்டும் என எண்ணினேன்.

ரிஃபாஸ் பைகளைச் சுமந்தவாறு நுழைந்து, என்னைக் கண்டு அசையாது நின்றார்.

“மாமி,” என்றார் பற்களுக்கிடையில், “இப்ப வேணாம், எழும்புங்க.”

“என்ட வீடு” என்றேன். இவ்விரு சொற்களையும் நான் பல நாட்களாக வாயில் வைத்திருந்தேன்.

அதற்குள் விருந்தினர் உள்ளே வந்துவிட்டனர். கணவனும் மனைவியும், நரைத்த தலையினர், வெயிலிற் சிவந்த தோலினர். அப்பெண் என்னைக் கண்டதும் பையைக் கீழே போட்டு, கன்னத்திற் கைவைத்து எதையோ வியந்து கூறினாள். பின்னர் என் முன்னால் முழந்தாளிட்டு என் கைகளைப் பற்றினாள். கணவன் தொலைபேசியை உயர்த்தினான். நான் முக்காட்டை முகத்தின்மேல் இழுத்து முடிப்பதற்குள் படம் எடுக்கப்பட்டிருந்தது. அவ்வாறு இழுக்கும் கணத்தில் எடுத்ததே மிக அழகாக அமைந்தது எனப் பின்னர் அறிந்தேன்.

ரிஃபாஸ் ஏதோ ஆங்கிலத்திற் கூறினார். மூவரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தனர்.

அவர்கள் சென்ற பின்னர் என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அந்த ஏச்சுக்குரிய விடைகளையும் ஆயத்தமாக வைத்திருந்தேன். சில நாட்களின் பின் அவர் களஞ்சிய வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தொலைபேசியை இரு கைகளாலும் ஏந்தி வந்தார்.

“மாமி, பாருங்க. அவங்க இன்டர்நெட்டுல எழுதியிருக்காங்க. உங்கட படம்தான் முதல்ல. ‘கதிரையும் அந்த அம்மாவும்’ எண்டு போட்டிருக்கு. மூணு பேர் புக் பண்ணியிருக்காங்க, அம்மா இருப்பாவா எண்டு கேக்கிறாங்க.”

படத்தில் கறுப்புத் தோலின் நடுவே ஒரு முதியவள் அமர்ந்திருந்தாள். பின்னால் கண்ணாடியும் கடலும். அது அழகிய படம் என்பதை நான் மறுக்கவில்லை. அதில் எதிர்ப்பு என்று எதுவும் தென்படவில்லை.

“நான் இந்தக் கதிரைக்கு என்னதான் பொருத்தம் எண்டு தலைய ஒடைச்சிக்கிட்டு இருந்தன்” என்றார் அவர், உண்மையான மகிழ்ச்சியுடன். “குஷன் வெச்சுப் பாத்தன், பூச்சாடி வெச்சுப் பாத்தன். ஒண்டும் சரிவரல்ல. நீங்க போய் இருந்தீங்க, எல்லாம் வந்து சேர்ந்திரிச்சி.”

“அப்ப நான் இனி ஹோல்ல இருக்கலாமா மவன்?”

“ஏன் இல்லாம? ஆக்கள் வாற நேரம் நீங்க கட்டாயம் இருக்கணும்.”

“வராத நேரம்?”

அவர் சற்றுத் தயங்கினார். “வராத நேரம் கதிரைய மூடி வைக்கணும் மாமி. உப்புக் காத்து தோலுக்குச் சரியில்ல. ஹோலையும் பூட்டித்தான் வைக்கிற.” பின்னர், நீண்ட காலம் எண்ணி வைத்திருந்ததைக் கூறுபவர்போல் குரலைத் தாழ்த்தினார். “மற்றது மாமி, இத்தாவில உடுத்த அந்த வெள்ளைச் சாரி இருக்குமே? அது நல்லா எடுப்பா இருக்கும். கறுப்புத் தோலுக்கு முன்னால, அந்தச் சாம்பல் நிலத்தில...”

“அது உங்கட மாமாவுக்காக உடுத்தது. வேன்ல வாறவங்களுக்காக உடுத்தது இல்ல.”

“சும்மா ஒரு உடுப்புத்தானே மாமி.”

“நான் இருக்கவும் மாட்டன், உடுக்கவும் மாட்டன். போங்க மவன்.”

அவர் வற்புறுத்தவில்லை. மரியாதையுடன் செருப்பை அணிந்துகொண்டு சென்றார். நான் வென்றுவிட்டேன் என்று அன்று கருதினேன்.

அடுத்த விருந்தினர் வந்த நாளில் நான் அடுக்களையில் ஷஃபீனாவுக்கு உதவியாகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பேச்சொலியும் சிரிப்பொலியும் கேட்டன. அடுக்களையிலிருந்து மண்டபத்தை நோக்கும் கதவு சிறிது திறந்திருந்தது. கதிரையில் வெள்ளை உடுத்த ஒருத்தி அமர்ந்திருந்தாள்.

அவள் றிஸானா. கரைவலைக்காரர் குடியிருப்பில் வாழும் கைம்பெண். ஒவ்வொரு நோன்பு காலத்திலும் எங்கள் வீட்டுக்கு அரிசி வாங்க வருவாள். அடுக்களைப் படிக்கு அப்பால் அவள் ஒருநாளும் வந்ததில்லை. வா என்று நான் அழைத்ததுமில்லை. இப்போது அவள் கால்களைச் சிறிய இருக்கையின்மேல் நீட்டி, ரிஃபாஸ் கற்பித்தவாறு தலையைச் சற்றே கண்ணாடிப் பக்கம் சாய்த்திருந்தாள். வெளிநாட்டு இளைஞர் இருவர் அவளுடைய இருபுறமும் குந்தியிருந்து படம் எடுத்தனர்.

நான் ஷஃபீனாவைப் பார்த்தேன். அவள் குனிந்து வெங்காயம் அரிந்தாள். வெங்காயமே அவளுக்குத் துணையாயிற்று.

விருந்தினர் கடலுக்குச் சென்ற பின்னர் றிஸானா அடுக்களைக்கு வந்தாள். என்னைக் கண்டதும் வெள்ளைச் சாரியின் தலைப்பைக் கையில் முறுக்கினாள்.

“கோவிச்சிக்காதீங்க ராத்தா. தம்பி வரச் சொல்லி ஆள் அனுப்பினார். சும்மா இருக்கிற வேலைதானே எண்டு வந்தன்.”

“உன்னில என்ன கோவம்?” என்றேன். “கதிரை எப்பிடி?”

“இடுப்பு நோகுது ராத்தா. ஆனா,” அவள் தயங்கினாள், “அங்க இருந்தா முழுக் கடலும் தெரியுது. எங்கட குடிலும் கடற்கரையிலதான். ஆனா இப்பிடி இருந்து கடலப் பாத்ததே இல்ல. ஆரு பாக்க நேரம் தந்த?”

“அவங்களுக்கு உன்ன ஆரு எண்டு சொன்னார்?”

றிஸானா ஷஃபீனாவை நோக்கினாள். ஷஃபீனா கத்தியை வைத்துவிட்டு வெளியே சென்றாள்.

“வேன்காரப் பொடியன்தான் எனக்குச் சொன்னான். இந்த வீட்டுக்காரி எண்டு சொன்னாராம். அவருட மாமி எண்டு. எனக்கு வெக்கமாப் போச்சி ராத்தா. நான் வாயத் தொறக்கல்ல.”

நான் துருவிய தேங்காயைப் பாத்திரத்தில் இட்டேன். றிஸானாவுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவள் வழமைபோல் படியில் அமர முயன்றாள். உள்ளே வந்து இரு என்றேன். அவள் வந்து அடுக்களையிலிருந்த முக்காலியில் அமர்ந்தாள்.

முஃப்லிஹா இச்செய்தியைக் கேள்வியுற்று முச்சக்கர வண்டியில் வந்திறங்கினார்.

“சட்டி சாமானக் கட்டு. என்னோட வா குறிஞ்சிப்பிட்டிக்கு. எனக்கும் ஆரு இருக்கா? கஞ்சியோ கூழோ குடிச்சிக்கிட்டு ரெண்டு கிழவியும் கிடப்பம்.”

“அங்க வந்தா நான் ஆரு மதினி?”

“என்ட தம்பி பொஞ்சாதி.”

“இங்க?”

அன்று மாலை முஃப்லிஹா தனியே திரும்பினார்.

அவருடன் செல்லாமைக்குரிய காரணத்தை நான் பலமுறை ஆராய்ந்தேன். வீட்டின்மீதுள்ள ஆசை என்று கூறலாம். மகள் மீதுள்ள பாசம் என்றும் கூறலாம். இவை இரண்டும் புறக்காரணங்கள். உண்மைக் காரணம், நான் போனாலும் அக்கதிரை வெறுமையாக இராது என்பதே. அதில் ஒருத்தி இருப்பாள். அவளை வீட்டுக்காரி என்று அழைப்பர். வருகின்றவர் அவளுடைய கைகளைப் பற்றுவர். என் பெயர்கூடத் தேவைப்படாமல் என் இடம் நிரம்பிவிடும்.

அடுத்த விருந்தினர் ஒரு சனிக்கிழமை முற்பகலில் வருவதாக இருந்தது. என்னை எவரும் அழைக்கவில்லை. றிஸானாவுக்கு ஆள் அனுப்பப்படுமுன், நான் குளித்து, பெட்டியிலிருந்த வெள்ளைச் சாரியை எடுத்து உடுத்தேன். அதில் கருவாட்டு வாடை ஏறியிருந்தது. மண்டபத்தின் கதவு திறந்திருந்தது. கதிரையின் மேலுறை அகற்றப்பட்டிருந்தது. சென்று அமர்ந்தேன். இம்முறை ஓரமாக அமரவில்லை. கால்களை உயர்த்திச் சிறிய இருக்கையின்மேல் வைத்தேன். றிஸானா கூறியது சரி. இடுப்பு நோகத்தான் செய்தது. கடலும் முழுவதுமாகத் தெரிந்தது.

ரிஃபாஸ் வந்தார். என்னைக் கண்டார். பழையதைக் குறித்து அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. அவர் நல்ல பண்புடையவர். விளக்கின் கழுத்தைச் சற்றுத் தாழ்த்தினார். பின்னோக்கி நடந்து சென்று, ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தார். திருப்தி ஏற்படவில்லை. மீண்டும் அருகில் வந்து, என் தலைக்குப் பின்னாலிருந்த ஓட்டில் கைவைத்தார். அக்கதிரை தன் அச்சில் சுழலக்கூடியது. அவர் அதனை வெளிச்சத்தின் பக்கமாக மெல்லத் திருப்பினார்.

“இப்ப சரி மாமி. அப்பிடியே இருங்க.”

நானும் கதிரையுடன் சேர்ந்து திரும்பியிருந்தேன். ஒழுங்கையில் வேன் வரும் ஓசை கேட்டது.